வாடி: உச்சமுனைக் கரையில் நகரும் வீட்டின் வரலாறு

வரலாற்றாசிரியனுக்குச் சான்றுகள் கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் அசையாத இடங்களாகவே உள்ளன. கல்வெட்டு கோயிற் சுவரில் இருப்பது. தோம்பு காணியின் எல்லையைச் சொல்வது. கோட்டை துறைமுகத்தைவிட்டு நகராதது. இதனால் ஈழத்துத் தமிழ் பேசும் மக்களின் சமூக வரலாறும் நிலைத்த ஊர்களின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. ஆண்டின் ஒரு பாதியை ஒரு கரையிலும் மறுபாதியை இன்னொரு கரையிலும் கழித்து, வீட்டையும் தம்மோடு கொண்டுசென்ற மக்கள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றனர். புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டின் வடபகுதி மணற்றிடல்களுள் ஒன்றாகிய உச்சமுனையையும் அதனைச் சூழ்ந்த கரைகளையும் களமாகக் கொண்டு, அம்மக்களின் குடியிருப்பு வடிவமாகிய வாடியை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரும் வீடு தமிழருக்குப் புதியதன்று. சங்க இலக்கியங்கள் காட்டும் உமணர் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டி விரிவாக வருணிக்கப்படுகின்றது. வேய்ந்த கூரை, கோழி அடையும் கூடு, உரல், காடி வைத்த கலம், கைக்குழந்தையோடு எருதுகளை ஓட்டிச் செல்லும் பெண் ஆகிய யாவும் அவ்வருணனையில் இடம்பெறுகின்றன. சரக்கு ஏற்றும் வண்டிக்கு உரலும் கோழிக்கூடும் தேவையில்லை. புலவர் கண்டது வண்டியை மட்டுமன்று, சில்லின்மேல் ஏறிய ஒரு குடும்பத்தை என்பது தெளிவு. ஔவையார் பாடிய 102 ஆம் புறநானூற்றுப் பாடலும் உமணர் தம் வண்டியின் அடியிற் கட்டிச்சென்ற சேம அச்சினை உவமையாகக் கொள்கின்றது. வழியில் அச்சு முறிந்தால் வீடே முறிந்ததாகும் என்பதை அறிந்தவரின் முன்னேற்பாடு அது. ஆயினும் திணைக் கோட்பாட்டை விளக்கப் புகுந்த பின்னையோர் பரதவரை நெய்தலிலும் ஆயரை முல்லையிலும் இருத்தினரேயன்றி, இரு திணைகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்த இவ்வண்டிக்குப் போதிய கவனம் அளித்தாரல்லர்.

பிற நாடுகளிலும் நகரும் வீட்டின் சிக்கல் வண்டியைப் பற்றியதாக அன்றி, அது தரித்து நிற்கும் இடத்தைப் பற்றியதாகவே இருந்துள்ளது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துத் தம்பா நகரில் 1919 ஆம் ஆண்டு மோட்டார் வண்டிகளிலும் கூடாரங்களிலும் தங்கிப் பயணஞ் செய்வோர் 'தகரப்பேணிச் சுற்றுலாப் பயணிகள்' என்ற பெயரில் ஒரு சங்கம் அமைத்தனர். 1930 களின் பொருளாதார மந்தம் இவ்வாழ்க்கை முறைக்கு வேறொரு முகத்தைக் கொடுத்தது. விரும்பி வண்டியில் வாழ்ந்தவரோடு, வீடிழந்து வண்டியில் வாழ்ந்தவரும் சேர்ந்துகொண்டனர். பிரித்தானியாவில் 1968 ஆம் ஆண்டின் கரவன் தரிப்பிடச் சட்டம், நாடோடி மக்களுக்குத் தரிப்பிடம் அமைத்துக் கொடுக்கும் கடமையை உள்ளூராட்சி மன்றங்கள்மீது சுமத்தியது. 1994 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டம் அக்கடமையை நீக்கிவிட்டது. ஒரே நாட்டின் சட்டம் 26 ஆண்டு இடைவெளியில் ஒரே மக்களைப் பார்த்த இருவேறு பார்வைகள் இவை. உச்சமுனைக் கரையை நோக்குவார்க்கும் இவ்விரு பார்வைகளும் அறிமுகமானவையாகவே தோன்றும்.

உச்சமுனையின் மேற்கே மன்னார் வளைகுடாவின் திறந்த கடல். கிழக்கே, புத்தளம் கடனீரேரியின் வாயிலாக அமையும் ஒல்லாந்தர் குடாவும் போர்த்துக்கேயர் குடாவும். வடக்கே பத்தலங்குண்டு, குடாவைக் கடந்தால் வில்பத்துக் காடு. கற்பிட்டியிலிருந்து இங்கு வருவோர் படகிலேயே வருதல் வேண்டும். இக்கரையின் நாட்காட்டியை எழுதுவது காற்று. மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் சோளகம் மேற்குக் கடலைக் கொந்தளிக்கச் செய்து வள்ளங்களைக் கரையேற்றிவிடும். ஒக்டோபரளவில் அது தணிய, மேற்குக் கடல் திறக்கும். ஏப்பிரல் வரை தொழில் நடைபெறும். கிழக்குக் கரையில் இவ்வொழுங்கு தலைகீழானது. முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும் வாடைக் காலமே கடல் மூடும் காலம். சோளகக் காலமே தொழிற் காலம். ஆகவே கடலையன்றி வேறு வயல் இல்லாத ஒருவன் ஆண்டு முழுவதும் தொழில் செய்ய விரும்பின், தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பெயர்ந்தே ஆகவேண்டும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவரும், முந்தலுக்கு அண்மையிலுள்ள உடப்புக் கிராமத்தின் தமிழ் மீனவரும் கிழக்குக் கரைக்குச் சென்றதும், நீர்கொழும்பு தொடக்கம் சிலாபம் வரையான கரைகளிலிருந்து பலர் பத்தலங்குண்டு முதலிய கற்பிட்டித் தீவுகளுக்கு வந்ததும் இக்காரணத்தாலேயாம்.

இவ்வாறு பெயர்ந்து சென்றோர் அமைத்துக்கொண்ட குடியிருப்பே வாடி. இச்சொல்லும் ஆராயத்தக்கது. தமிழகத்தில் வாடி என்பது வேலியடைத்த இடத்தையும் விறகு, மரம் முதலியன அடுக்கி விற்கும் முற்றத்தையும் குறிக்கும். ஏறுதழுவலில் காளை புறப்படும் வாயில் வாடிவாசல் எனப்படும். இலங்கையிலோ மீனவரின் பருவகாலக் குடிசை வாடியாயிற்று. சிங்கள மொழியிலும் அதே பொருளில் இச்சொல் வழங்குகின்றது. அதுமட்டுமன்று. பயணஞ் செய்யும் அரசாங்க உத்தியோகத்தரும் பிறரும் தங்குவதற்கென ஆங்கிலேயர் காலத்தில் நடத்தப்பட்ட விடுதியை இலங்கைத் தமிழர் 'வாடிவீடு' என்றே அழைத்தனர். வழிப்போக்கனான உத்தியோகத்தர் தங்கினால் அது வீடு. தொழிலுக்கு வந்த மீனவன் தங்கினால் அது வெறும் வாடி. சொல் வழக்கிலேயே வர்க்க வேறுபாடு புகுந்துவிடுவதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

வாடியின் அமைப்பு எளியது. காட்டுக் கம்புகளை மணலில் நட்டு, தென்னோலைக் கிடுகு வேய்ந்து, அதே கிடுகால் மறைப்பும் கட்டினால் வாடி முடிந்தது. நிலமே தளம். வலையும் பாயும் சட்டிபானையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். முன்புறத்து மணல் வெளியே கருவாடு காயவிடும் களம். பருவம் முடிந்ததும் பயன்படுவன கழற்றப்பட்டு வள்ளத்தில் ஏற்றப்படும். எஞ்சியதைக் காற்றும் மணலும் பார்த்துக்கொள்ளும். வாடிக்கு இன்றியமையாத பொருள் நன்னீராகும். இத்தகைய மணற்றிடல்களில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும். ஆழமற்ற குழி தோண்டி அளவறிந்து அள்ளினால் நல்ல நீர்; ஆழத் தோண்டினாலோ அளவுக்கு மீறி இறைத்தாலோ உவர் மேலேறிவிடும். ஆகவே ஒரு கரையில் எத்தனை வாடிகள் அமையலாம் என்பதை மீனின் தொகை மட்டுமன்றிக் கிணற்றின் நீரும் தீர்மானித்தது. வாடியமைக்கும் கரையைத் தெரிவு செய்தல் அறியாமையோடு செய்யத்தக்க காரியமன்று.

இவ்வாழ்க்கையைச் சுதந்திர நாடோடியின் வாழ்க்கையாகக் கற்பனை செய்துகொள்ளுதல் பிழையாகும். வாடியின் நடுவே சம்மாட்டி இருந்தான். வள்ளமும் வலையும் அவனுடையவை. தொழிலாளர்க்கு முற்பணம் வழங்கி அவர்களைக் கரைக்கு அழைத்துவருபவனும் அவனே. பிடிபட்ட மீனின் பெறுமதியிற் செலவு கழிந்தபின், வள்ளத்துக்கும் வலைக்கும் உரிய பங்கு சம்மாட்டிக்கும், எஞ்சியது தொழிலாளர்க்கும் பிரிக்கப்பட்டது. முற்பணத்தைத் தீர்க்க முடியாதவன் அடுத்த பருவத்திலும் அதே சம்மாட்டியோடு வரவேண்டியவனானான். வீடு நகர்ந்தது, கடன் நகரவில்லை.

எனினும் இவ்வமைப்பினுள்ளே ஓர் உரிமைமுறையும் வளர்ந்திருந்தது. கரைவலை இழுக்கத்தக்க கரைப்பகுதி 'பாடு' எனப்பட்டது. ஒரு பாட்டில் பல வலைகள் இருப்பின், அவை முறைவைத்தே கடலில் இறக்கப்பட்டன. உழவனின் உரிமை வேலியால் அளக்கப்படுவது. மீனவனின் உரிமையோ முறையாலும் பருவத்தாலும் அளக்கப்பட்டது. ஒரே மணல், காலையில் ஒருவருக்கும் மாலையில் இன்னொருவருக்கும் உரியதாதல் கூடும். நீர்கொழும்புக் கடனீரேரியில் இன்றுவரை நிலவும் கட்டுவலை முறைவரிசையும் இவ்வடிப்படையில் அமைந்ததே. காணிச் சட்டத்தை எழுதியோர் விளங்கிக்கொள்ளாதது, அல்லது விளங்கிக்கொள்ள விரும்பாதது, இக்கருத்தையேயாகும்.

காணிச் சட்டத்துக்கு வருமுன் இக்கரையின் முந்திய நிலையைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். புத்தளத்தின் உப்பும் கருவாடும் தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்கள் மூலம் கண்டி இராச்சியத்துக்குச் சென்றன. மறுவழியில் பாக்கு வந்தது. உமணர் வண்டியின் ஈழத்து உறவினர் இத்தவளக்காரர் எனலாம். 1667 இல் தொடங்கி 1676 இல் நிறைவுற்ற ஒல்லாந்தரின் கற்பிட்டிக் கோட்டை இவ்வணிகத்தின் கடல் வாயிலைக் காவல் செய்தது. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. பின்னர் கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் கடனீரேரி வரை தொடர்ந்த கால்வாயில் ஓலைக்கூரை வேய்ந்த தட்டையடிப் படகுகள் சரக்கேற்றிச் சென்றன. பல நாட் பயணத்தில் படகோட்டிகள் சமைத்ததும் உறங்கியதும் அக்கூரையின் கீழேயே. 1926 இல் புகையிரதம் புத்தளத்தை எட்டியபோது அக்கால்வாய்ப் போக்குவரத்து ஏற்கெனவே நலிவுற்றிருந்தது. கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834 இல் வெளியிட்ட தமது இலங்கை இடவிபர நூலில் இப்பிரதேசத்தைப் பற்றிப் பெறுமதிமிக்க செய்திகளைத் தந்துள்ளார். ஆயின் இடங்களை அகரவரிசையில் நிறுத்தும் நூல்வகை, ஆறு மாதத்துக்கொரு முறை இடம் மாறும் ஊரை உள்ளடக்குதல் இயல்பாகவே கடினம்.

காசிச்செட்டியின் நூல் வெளிவந்து ஆறு ஆண்டுகளின் பின்னர், 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறற் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. காடாயும் தரிசாயும், குடியிருப்பாரின்றியும் பயிரிடப்படாமலும் உள்ள காணி, மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்று அச்சட்டம் கொண்டது. கண்டிப் பிரதேசத்தில் அது தோட்டப் பயிர்ச்செய்கைக்கு வழிதிறந்த கதையைப் பலரும் எழுதியுள்ளனர். கரையோரத்தில் அதன் பொருள் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. உச்சமுனை போன்ற மணற்றிடலில் பயிரும் இல்லை; வேலியும் இல்லை. சோளகக் காலத்தில் அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பின் பல வாடிகள் இருந்த இடத்தில் வெறும் மணலே இருக்கும். தலைமுறை தலைமுறையாக ஒரு கரைக்கு வந்த ஒருவன், சட்டத்தின் கண்ணில் ஒவ்வோர் ஆண்டும் முதன்முறையாக வருபவனாகவே இருந்தான்.

தற்காலிக ஊரை அரசினால் காணவே முடியாது என்று இதனைக்கொண்டு முடிவு செய்தல் ஆகாது. உச்சமுனைக்கு வடகிழக்கே, போர்த்துக்கேயர் குடாவுக்கு அப்பாலுள்ள மரிச்சுக்கட்டியில் நிகழ்ந்தது இதற்கு மாறான சான்றாகும். 1891 க்குப் பின் நின்றுபோயிருந்த முத்துக்குளிப்பு 1903 இல் மீண்டும் தொடங்கி 1907 வரை நடைபெற்றது. சோளகம் எழுமுன்னர் கடல் அமைதியாயிருக்கும் சில வாரங்களுக்காக, வெறும் மணலில் கம்பும் கிடுகுங் கொண்டு ஒரு நகரமே எழுந்தது. தமிழகக் கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளிப்போர் வந்தனர், வணிகர் வந்தனர், அரசாங்கம் நீதிமன்றமும் மருத்துவமனையும் தபாற் கந்தோரும் பொலிசும் கொண்டுவந்தது. 1906 ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் இளம் உத்தியோகத்தராகப் பணிபுரிந்த லெனாட் வூல்ப், பின்னாளில் 1961 இல் வெளியிட்ட தமது தன்வரலாற்று நூலில் அதனை விவரித்துள்ளார். 1905 ஆம் ஆண்டு முத்துக்குளிப்பு ஒன்றே அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா வருமானத்தை ஈட்டித் தந்தது. அடுத்த ஆண்டில் முத்துப் பார்கள் இலண்டன் கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன, 1907 க்குப் பின் சிப்பி இல்லை, கம்பனியும் கலைந்தது, நகரமும் கலைந்தது. கிடுகுக் கூரையும் மணற்றளமும் வாடிக்கும் முத்து நகரத்துக்கும் பொதுவானவை. ஒன்றுக்கு நீதிமன்றம் கிடைத்ததும் மற்றையது தரிசெனக் கொள்ளப்பட்டதும் வருவாயின் அளவினாலேயன்றிக் குடியிருப்பின் தன்மையினால் அன்று.

சுதந்திரத்துக்குப் பின் வாடியின் பொருளாதார அடித்தளம் மாறியது. 1950 களின் பிற்பகுதியில் அரசு இயந்திரப் படகுகளை அறிமுகப்படுத்தியது. நைலோன் வலையும், கண்ணாடியிழைப் படகும், வெளியிணைப்பு இயந்திரமும் தொடர்ந்தன. பனிக்கட்டியும் லொறியும் வந்தபின் கருவாடாக மட்டும் வெளியேறிய மீன் பச்சை மீனாகவும் கொழும்புச் சந்தையை அடைந்தது. பாயில் வந்த பயணம் இயந்திரத்தால் குறுகியது. ஆனால் பெயர்ச்சி குறையவில்லை. முதல் போட்டவன் அதனை மீட்க ஆண்டு முழுவதும் தொழில் செய்யவேண்டியவனானதால் அது பெருகியது. தனித்து வந்த ஆண்களோடு குடும்பமாக வருவோரும் சேர்ந்தனர். இப்பெயர்ச்சியின் பண்பாட்டு விளைவும் சிறிதன்று. நீர்கொழும்புக் கரை மீனவரிடையே வழங்கும் தமிழ் தனிக் கிளைமொழியாக மொழியியலாளரால் ஆராயப்பட்டுள்ளது. சிங்களமும் தமிழும் ஒருங்கே பேசும் கத்தோலிக்க மீனவரும், முஸ்லிம் வணிகரும், உடப்பின் இந்து மீனவரும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த இக்கரையில் இருமொழி வழக்கு எந்த அரச கொள்கையினாலும் உருவானதன்று. தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்தின் பெருவிழாக் காலங்களில் யாத்திரிகர் ஆலயத்தைச் சுற்றி அமைக்கும் குடிசைகளும் வாடிகளே.

இவ்வொழுங்கைப் போர் உடைத்தது. 1984 டிசெம்பர் முதலாந் திகதி முல்லைத்தீவு மாவட்டத்தின் நாயாறு, கொக்கிளாய்க் கரைகளில் வாடியமைத்திருந்த சிங்கள மீனவர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் கொக்கிளாயினதும் அயற் கிராமங்களினதும் தமிழ் மக்கள் படையினரால் வெளியேற்றப்பட்டனர். பருவந்தோறும் வந்தவனும் போனான், நிலைத்திருந்தவனும் போனான். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டபோது, அவர்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுக்கும் கிடைத்தது கிடுகுக் குடிசையே. ஆயின் அதனை எவரும் வாடி என்று அழைக்கவில்லை. முகாம் என்றே அழைத்தனர். திரும்பிச் செல்லும் நாள் தெரிந்தவன் கட்டுவது வாடி. அந்நாள் தெரியாதவனுக்குக் கொடுக்கப்பட்டது முகாம். பெயரளவில் தற்காலிகமான அம்முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது.

2009 இல் போர் முடிந்தபின் கிழக்குக் கரைக்கான பெயர்ச்சி மீண்டும் தொடங்கியது. ஆனால் பழைய முறைவரிசையை அறிந்தோர் இருபுறமும் குறைந்துவிட்டனர். மீள்குடியேறிய முல்லைத்தீவுத் தமிழ் மீனவர், படையினரின் பாதுகாப்போடு வெளிமாவட்ட மீனவர் தமது பாடுகளைக் கைப்பற்றுவதாக முறையிட்டனர். 2018 ஓகஸ்டில் நாயாற்றில் உள்ளூர் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் எரியூட்டப்பட்டன. இம்முரண்பாட்டை இனமுரண்பாடாக மட்டும் நோக்குதல் எளிது. அதனுள்ளே, பருவத்துக்குரிய உரிமையை நிரந்தர உரிமையாக்க அரசின் துணையை நாடும் முதலாளியும், அவனது முற்பணத்தில் வந்த கூலியாளும், பத்திரமில்லாத கரையை நினைவை மட்டுங் கொண்டு உரிமை கோரும் உள்ளூரவனும் இருப்பதைப் பகுத்துக் காணுதல் அவசியம். உள்ளூர் மீனவனின் அச்சம் நியாயமானது. அவ்வச்சத்தைத் தீர்க்கப் பெயர்ச்சியையே தடைசெய்ய வேண்டும் என்பார் கூற்று, உடப்பின் தமிழ் மீனவனையும் அதே தடைக்குள் அகப்படுத்திவிடும் என்பதை மறந்த கூற்றாகும்.

குடியுரிமையின் நடைமுறையும் நிலைத்த வீட்டையே எதிர்பார்க்கின்றது. 1980 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க வாக்காளர் பதிவுச் சட்டத்தின் கீழ் நீண்டகாலமாக யூன் முதலாந் திகதியே பதிவுக்குரிய திகதியாயிருந்தது. மேற்குக் கரை மீனவர் கிழக்குக் கரையில் வாடியமைத்திருக்கும் மாதம் அது. இரு கரைகளில் வாழ்பவன் ஒரு கரையிலேயே வாக்காளனாதல் கூடும். மற்றைய கரையில் அவனது கிணற்றுக்கோ, பாதைக்கோ, பிள்ளையின் பள்ளிக்கோ பொறுப்பான பிரதிநிதி இல்லை.

உச்சமுனைக்கு இச்சிக்கல் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் இறுதியில் வேறு வடிவில் வந்தது. கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கிய ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டம் ஒன்றை அரசு முன்வைத்தது. விடுதிகளுக்கென முதலீட்டாளர்க்கு வழங்கத்தக்க காணி எது என்ற கேள்வி எழுந்தபோது, 1840 ஆம் ஆண்டின் விடையே மீண்டும் பயன்பட்டது: பத்திரமில்லாத மணல் அரசுக்குரியது. படகு கரையேற்றும் இடமும் கருவாடு காயவிடும் களமும் வாடி நிலமும் பறிபோகும் என மீனவர் அமைப்புக்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. திட்டம் அறிவித்த வேகத்தில் நிறைவேறவில்லை; ஆயினும் காணிபற்றிய அச்சம் நீங்கவுமில்லை.

இதற்கிடையே கற்பிட்டிக் குடாநாட்டின் கரையில் புதியதொரு பருவகால ஊர் தோன்றியுள்ளது. பட்டத்தின் இழுவிசையால் நீர்மேற் சறுக்கும் விளையாட்டுக்குப் பலமான, நிலையான காற்று வேண்டும். மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் சோளகம் அதற்கு மிகவும் உகந்தது. மீனவனின் கடலை மூடும் அதே காற்று, வெளிநாட்டுப் பயணியின் பருவத்தைத் திறக்கின்றது. அப்பயணிகளிற் பலர் தங்குவது கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்த குடில்களில். ஒக்டோபரில் காற்றுத் தணிய அவர்கள் புறப்படுவர். வள்ளங்கள் கடலிறங்குவதும் வாடிக்குக் கம்பு நடுவதும் அப்போதுதான்.